பன்னி எலும்பு கிடைக்காத ஊரில் காராமணிக் குழம்பு

(எபிசோடின் ஒலிவடிவத்தைக் கொஞ்சம் சுருக்கி, வாசிக்கத் தோதாகத் தொகுத்திருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. சென்னையில மூணு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு பொண்ணு. "அக்கா, அமெரிக்கச் சமையல் வீடியோ எதைப் பார்த்தாலும், பீன்ஸ் சூப்புக்குப் புகை போட்ட ஹாம் எலும்பு ஒண்ணு போடுங்க, ரொம்ப மலிவுன்னு சொல்றாங்க. இங்க தேடினா ஒரு இடத்துலதான் இருக்கு, அந்த விலைக்கு நான் அரைக் கிலோ கறியே வாங்கிடுவேன். இதுக்கு நம்ம ஊர்ல மாத்து என்ன?" அப்படின்னு கேட்டிருந்தாங்க. கடைசியில ஒரு வரி: "மாசக் கடைசியில கறி வாங்க முடியல, ஆனா சாம்பாரையே எத்தனை நாள் சாப்பிடறது?"

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த எபிசோடு.

முதல்ல ஹாம் எலும்புன்னா என்னன்னு பார்த்துடலாம். பன்றியோட பின்னந்தொடையை உப்புல ஊறவெச்சு, மாசக்கணக்குல காயவெச்சோ, மரப்புகையில தொங்கவிட்டோ பதப்படுத்துறாங்க. கறியை மெல்லிசா சீவி வித்த பிறகு மிஞ்சுற எலும்பு, அதுல ஒட்டியிருக்கிற கொஞ்சம் கறி, ஜவ்வு, தோல், இதெல்லாம் சல்லிசா போயிடும். வாங்கறவங்க அதைப் பயறோடயோ கீரையோடயோ போட்டு மணிக்கணக்கா வேகவிடுவாங்க. அமெரிக்காவோட தென்மாநிலங்கள்ல இதுக்கு ஒரு வலி மிகுந்த வரலாறும் இருக்கு. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களுக்கு நல்ல கறி கிடைக்காது. கிடைச்ச எலும்பையும் காலையும் வெச்சுத்தான் அவங்க சமைச்சாங்க. அதோட சேர்த்த பயறு எது தெரியுமா? ஆப்பிரிக்காவில இருந்தே அவங்களோட போன காராமணி. நம்ம கடையில கிடைக்கிற அதே காராமணி.

எங்க ஊரு கோலியனூர். விழுப்புரத்துல இருந்து பாண்டி போற ரோட்டுல, கூட்டுரோடு தாண்டிப் போயிருப்பீங்க. அங்க யாரும் ஹாம் எலும்பைக் கண்ணால பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா காராமணியும் கத்திரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு எந்தத் தெருவுல வேணும்னாலும் இருக்கும். நான் சொல்ல வர்றது என்னன்னா, ஒரு ஹாம் எலும்பு பானைக்குள்ள மூணு வேலை பார்க்குது. அந்த மூணு வேலைக்கும் நம்ம அடுப்படியில ஆள் இருக்கு. என்ன, மூணும் தனித்தனி ஆளு.

முதல் வேலை, குழம்புக்கு உடம்பு கொடுக்கிறது. ஆட்டுக்கால் சூப்பு குடிச்சா உதடு லேசா ஒட்டுமே, அதுதான். எலும்பு முட்டிலயும் ஜவ்வுலயும் தோல்லயும் இருக்கிற கொலாஜன்ங்கிற புரதம் சூடான தண்ணியில மெதுவா அவிழ்ந்து ஜெலட்டினா மாறுது. ஆறவெச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஜெல்லி மாதிரி உறைஞ்சு நிக்கும். உறைஞ்சா உங்க எலும்பு வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். ஜெலட்டினுக்குத் தனியா பெரிய ருசி கிடையாது. ஆனா தண்ணியா இருக்கிற குழம்பை நாக்குல கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். அதனால மத்த ருசியெல்லாம் கூடுதலா தெரியும்.

இந்த மாற்றத்துக்கு நேரம் வேணும். சாதாரணப் பாத்திரத்துல மூணு நாலு மணி நேரம். குக்கர்ல தண்ணி 100 டிகிரியில நிக்காம கிட்டத்தட்ட 120 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போறதால அரை மணி, முக்கால் மணியில முடிஞ்சுடும். இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு தகவல். பிரஷர் குக்கரே எலும்புக்காகக் கண்டுபிடிச்சதுதான்! தெனி பப்பேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1679-ல லண்டன்ல மூடி இறுக்கின ஒரு பாத்திரத்தைச் செஞ்சு காட்டினார். 1681-ல அதைப் பத்தி அவர் போட்ட புத்தகத்தோட தலைப்பிலேயே, எலும்பை மெதுவாக்குற இயந்திரம்னுதான் இருக்கு. யாரும் சீந்தாத கெட்டி எலும்புல இருந்துகூட ஏழைங்களுக்குச் சாப்பாடு எடுக்கலாம்ங்கிறது அவரோட கணக்கு. நாம அதுல பருப்பு வேகவெச்சுக்கிட்டு இருக்கோம்.

சரி, எந்த எலும்பு? கறிக்கடையில போய் சும்மா "எலும்பு குடுங்கண்ணா"ன்னு கேட்காதீங்க. நல்லி எலும்புல ஊன் இருக்கும், ருசிதான், ஆனா அதுக்கு எல்லாரும் போட்டி, விலையும் குறையாது. குழம்பு கெட்டியாகணும்னா ஜவ்வு அதிகமா இருக்கிற இடம் வேணும்: நெஞ்செலும்பு, முட்டி, கால். ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிப் போயிட்ட காலத்துல, அதுவும் கட்டுப்படியாகலன்னா பிராய்லர் கடைக்குப் போங்க. போன்லெஸ் வெட்டித் தர்ற கடையில கறியை எடுத்த பிறகு மிச்சம் ஒரு கோழிக்கூடு நிக்கும். கழுத்து, முதுகு, ரெக்கை நுனி. நான் வாங்குற கடையில அதைக் கறி விலையில கால்வாசிக்குக் கொடுக்கிறாங்க. ரெண்டு கோழிக்காலும் சேர்த்துக் கேளுங்க. முகம் சுளிக்காதீங்க. ஜெலட்டினுக்குக் கோழிக்காலை அடிச்சுக்க ஆள் கிடையாது.

இரண்டாவது வேலை, உப்பும் காய்ச்சலும் சேர்ந்து கொடுக்கிற ருசி. பச்சைக் கறிக்கும் உப்புல காய்ஞ்ச கறிக்கும் இருக்கிற வித்தியாசம் வெறும் உப்பு இல்ல. காயும்போது தண்ணி போயிடும், ருசி சுண்டி நிக்கும். புரதம் மெல்ல உடைஞ்சு குளுட்டமேட் மாதிரிப் பொருள்கள் வெளிய வரும். 1908-ல ஜப்பான்ல கிகுனே இகேதாங்கிற வேதியியல் பேராசிரியர் கடற்பாசியில இருந்து இந்தக் குளுட்டமேட்டைப் பிரிச்செடுத்து, இதுதான் உமாமின்னு பேர் வெச்சார். அஜினோமோட்டோவோட பிறப்பு அங்கதான். 1913-ல அவரோட மாணவர் ஷிந்தாரோ கொதாமா, புகை போட்டுக் காயவெச்ச சூரை மீன்ல இருந்து இனோசினேட்னு இன்னொண்ணைக் கண்டுபிடிச்சார். பின்னாடி தெரிய வந்ததுதான் முக்கியம்: இந்த ரெண்டும் சேர்ந்தா ருசி ரெண்டு மடங்கு இல்ல, பல மடங்கு ஏறும்.

இப்போ நம்ம கருவாட்டுக் குழம்பை யோசிச்சுப் பாருங்க. இனோசினேட் மீன்ல இருந்து வருது. குளுட்டமேட் தக்காளியில நிறைய இருக்கு. எங்க ஆயாவுக்கு இகேதாவும் தெரியாது, கொதாமாவும் தெரியாது. ஆனா கருவாட்டுக் குழம்புல மட்டும் தக்காளியைக் குறைக்க விட மாட்டாங்க.

கோலியனூர்ல இருந்து கடல் முப்பது முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான். வடக்கே மரக்காணத்துல உப்பளம். மீனும் உப்பும் வெயிலும் ஒரே மாவட்டத்துல இருந்தா கருவாடு வராம என்ன செய்யும்? இது இன்னைக்கு நேத்துக் கதையும் இல்ல. பத்துப்பாட்டுல சிறுபாணாற்றுப்படைன்னு ஒரு நூல். நல்லியக்கோடன்ங்கிற தலைவனைப் பார்க்கப் போற பாணர்களுக்கு வழி சொல்ற பாட்டு. அவனோட ஓய்மா நாடுதான் இன்னைக்குத் திண்டிவனம் பக்கம். கிடங்கில்ங்கிற அவனோட ஊர் திண்டிவனத்துக்குள்ளயே இருக்கு. அந்த வழியில வர்ற எயிற்பட்டினத்தை மரக்காணம்னு ஆய்வாளர்கள் அடையாளம் சொல்றாங்க. அங்க பாணர்களுக்குக் கிடைக்கப்போறது என்ன? பரதவப் பொண்ணு வடிச்ச கள்ளும், சுட்ட கருவாடும். அலை ஒதுக்கின வாசனை மரத்தை விறகாக்கி எரிச்சாங்கன்னும் அந்தப் பாட்டு சொல்லுது. மீன், உப்பு, வாசனைப் புகை. மாசக் கடைசியில கருவாடு சாப்பிடுறோமேன்னு கூச்சப்படுறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கலாம். விருந்தாளிக்குப் போட்ட சாப்பாடு அது.

மூணாவது வேலை, புகை. இதுதான் உண்மையிலேயே சிக்கலான இடம். ஏன்னா நம்ம பக்கத்துல கருவாடு பெரும்பாலும் வெயில்ல காயுறதுதான், புகையில இல்ல. விறகடுப்பு இருந்த வரைக்கும் அந்தக் குறை தெரியல. பானையைச் சுத்தியே புகை இருந்துச்சு. கேஸ் வந்தது, அம்மாக்களோட நுரையீரல் தப்பிச்சுது, குழம்புல இருந்து புகைவாசனை போச்சு. இந்தப் பேரத்துல எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்ல. வாசனையை வேற வழியில வாங்கிக்கலாம்.

ஒரு வழி, மாசிக்கருவாடு. சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி ஆகுற வரைக்கும் காயவெச்சது. மாலத்தீவு, லட்சத்தீவு, தூத்துக்குடிப் பக்கம் செய்றாங்க. இலங்கைத் தமிழ் வீடுகள்ல மாசி இல்லாம சம்பலே இல்ல. 14-ஆம் நூற்றாண்டுல மாலத்தீவுல தங்கியிருந்த இபன் பதூதா, இந்த மீனை அவிச்சுப் புகை போட்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புறாங்கன்னு எழுதி வெச்சிருக்கார். ஹாம் எலும்புக்கு நேரடி மாத்து எதுன்னு ஒரே வார்த்தையில கேட்டீங்கன்னா, மாசின்னுதான் சொல்வேன். கிலோ விலை கேட்டா பதறும். ஆனா ஒரு குழம்புக்கு ஒரு ஸ்பூன் பொடிதான் போடப் போறோம்.

இன்னொரு வழி எங்க பக்கத்தோட பெருமை: தாளிப்பு வடகம். விழுப்புரம், கடலூர், பாண்டி மூணு பக்கமும் வெயில் காலத்துல மொட்டைமாடியெல்லாம் இந்த வாசனைதான். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை, எல்லாத்தையும் இடிச்சு, உப்புப் போட்டு, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சு, பகல்ல காயவெச்சு ராத்திரி எடுத்துப் பிசைஞ்சு மறுபடியும் காயவெச்சு, நாள் ஆக ஆகக் கருத்துப் போகும். சூடான எண்ணெயில ஒரு துண்டு கிள்ளிப் போட்டா, கருகுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நிக்கிற ஒரு வாசனை வரும் பாருங்க. புகையேதான். பாண்டியில இருந்த பிரெஞ்சுக்காரங்க இதை எடுத்துட்டுப் போய் வதுவான்னு பேர் சொன்னாங்க. இன்னைக்கு வெளிநாட்டு ரெஸ்டாரண்ட்ல பிரெஞ்சு மசாலான்னு சின்ன டப்பாவுல விக்குது. நம்ம வீட்டுல அது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல கிடக்கு. சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு இந்த எபிசோடுல உருப்படியா கிடைக்கிறது இதுதான். வடகமும் தக்காளியும் சேர்த்தா காராமணிக் குழம்பு எலும்பு இல்லாமலே நிக்கும்.

செய்முறைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசணும். ஏன்னா, எலும்பு சூப்புன்னாலே நம்ம வீடுகள்ல ஒரு மருந்து மரியாதை இருக்கு. கால் உடைஞ்சா ஆட்டுக்கால் சூப்பு, பிரசவம் ஆனா நெஞ்செலும்பு சூப்பு. எலும்புல இருக்கிற கால்சியமெல்லாம் தண்ணியில இறங்கிடும்னு நம்பிக்கை. இறங்காது. இறங்குறது ரொம்பக் கொஞ்சம். ஒரு டம்ளர் பால்ல இருக்கிற கால்சியத்துக்குப் பக்கத்துலகூட வராது. ஜெலட்டினும் நேரா நம்ம மூட்டுல போய் ஒட்டிக்காது. வயித்துல மத்தப் புரதம் மாதிரியே உடைஞ்சுதான் போகும்.

பாரிஸ்ல இதை ரொம்பப் பெரிய அளவுல முயற்சி பண்ணிப் பார்த்துட்டாங்க. 19-ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல எலும்பை அவிச்சு எடுத்த ஜெலட்டின் சூப்பை ஆஸ்பத்திரியிலயும் ஏழைங்களுக்கும் கொடுத்தாங்க. கறிக்குப் பதில் இதுவே போதும்னு சொன்னவங்க இருந்தாங்க. உண்மையிலேயே போதுமான்னு பார்க்க பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழு போட்டுச்சு. மாஜாந்திங்கிற உடலியல் அறிஞர் தலைமை. நாய்களுக்கு ஜெலட்டின் மட்டும் கொடுத்துச் சோதிச்சாங்க. பிழைக்கல. 1841-ல வந்த அறிக்கை, ஜெலட்டினை மட்டும் நம்பி உயிர் வாழ முடியாதுன்னு சொல்லிடுச்சு. காரணம் இப்போ நமக்குத் தெரியும்: நம்ம உடம்புக்கு வெளியில இருந்து கட்டாயம் கிடைக்க வேண்டிய ட்ரிப்டோஃபான்ங்கிற அமினோ அமிலம் ஜெலட்டின்ல கிடையவே கிடையாது.

அதனால, பணம் இல்லாத மாசத்துல எலும்புத் தண்ணியை மட்டும் குடிச்சுட்டு நல்லாச் சாப்பிட்டோம்னு நினைச்சுக்காதீங்க. வீட்டுல உடம்பு தேறுற ஆளுக்கும் அதை மட்டும் கொடுக்காதீங்க. எலும்பு ருசிக்கு. புரதத்துக்குக் காராமணி. ட்ரிப்டோஃபான் அதுல இருக்கு. கால்சியம்தான் வேணும்னா கேழ்வரகு இருக்கு, நெத்திலி மாதிரி முள்ளோட மென்னு முழுங்குற சின்ன மீன் இருக்கு. ஆடி மாசம் கோலியனூர் புத்துவாயம்மன் கோயில் திருவிழா சமயத்துல கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் சேர்ந்து வருமே, கணக்குப் போட்டுப் பார்த்தா அது சும்மா கால் சூப்பை விட எவ்வளவோ மேல்.

இப்போ குழம்பு. மூணு பேருக்கு ரெண்டு வேளை வரும்.

ஒரு டம்ளர் காராமணியை வெறும் வாணலியில வாசனை வர்ற வரைக்கும் வறுத்து, ஒரு ரெண்டு மணி நேரம் ஊறவைங்க. கால் கிலோ நெஞ்செலும்பு, இல்லன்னா ஒரு கோழிக்கூடும் ரெண்டு காலும். கழுவி, தண்ணியில போட்டு ஒரு கொதி விட்டு, மேல வர்ற நுரையோட அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. புதுசா நாலு டம்ளர் தண்ணி, மஞ்சள், நாலு பல் பூண்டு சேர்த்துக் குக்கர்ல வெச்சு, ஒரு விசில் வந்ததும் சிம்முல வைங்க. ஆட்டெலும்புக்கு முப்பத்தஞ்சு நிமிஷம், கோழிக்கு இருபது. பிரஷர் அடங்கினதும் திறந்து, ஊறின காராமணியைப் போட்டு இன்னும் மூணு விசில். உப்பு இப்போ வேண்டாம். புளியும் வேண்டாம். புளிப்பு முன்னாடியே விழுந்தா காராமணி வேகாம முரண்டு பிடிக்கும். புளி எப்பவும் பயறு வெந்த பிறகுதான்.

நாலஞ்சு துண்டு கருவாடு. வஞ்சிரம், சுறா எல்லாம் விலை. காரல், நெத்திலி போதும். தலையைக் கிள்ளிட்டு, சுடுதண்ணியில பத்து நிமிஷம் போட்டு, மணலும் மேலுப்பும் போக ரெண்டு மூணு தடவை அலசுங்க. வாங்கும்போதே அழுத்திப் பாருங்க. ஈரமா பிசுபிசுன்னு இருந்தாலோ, செவப்பாப் பூத்திருந்தாலோ வேண்டாம்.

வாணலியில நல்லெண்ணெய். வடகம் ஒரு நெல்லிக்காய் அளவு உதிர்த்துப் போட்டுக் கருக்கா பொரியட்டும். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தக்காளி ரெண்டு, நாலு கத்திரிக்காய், ரெண்டு ஸ்பூன் குழம்பு மிளகாய்த்தூள். வதங்கினதும் எலும்பும் காராமணியும் தண்ணியோட ஊத்துங்க. கொதிச்சதும் எலுமிச்சை அளவு புளியைக் கரைச்சு விடுங்க. பச்சை வாசனை போனதும் கருவாடு. பத்து நிமிஷம் சிம்முல. கடைசியா ருசி பார்த்துட்டு மட்டும் உப்பு. பாதி நாள் தேவையே படாது.

நாள் முழுக்க ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள்ள உப்புங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. கருவாட்டுக் குழம்பு வெச்ச அன்னைக்கு அப்பளமும் ஊறுகாயும் தொட்டுக்கிட்டா அந்தக் கோட்டை எங்கயோ தாண்டிடுவீங்க. பிரஷர், யூரிக் ஆசிட் பிரச்சினை இருக்கிறவங்க, கருவாட்டை விட்டுட்டு வடகத்தோட நிறுத்திக்கிறது நல்லது. ஹாம் மேல ரொம்ப ஏக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு: பதப்படுத்தின இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குற பட்டியல்ல முதல் பிரிவுல 2015-லயே சேர்த்துட்டாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்புக்காரங்க. எப்பவாவதுன்னா பரவாயில்ல. தினம்னா வேண்டாம்.

இனி வீட்டு ஓனர் பிரச்சினை. மெசேஜ் அனுப்பின பொண்ணு அதைக் கேட்கல. ஆனா வாடகை வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் இது வரும். "கறி கூட ஓகே, கருவாடு மட்டும் கூடாது"ன்னு நேராவே சொல்லி வீடு கொடுக்கிறவங்க இருக்காங்க. நாத்தம்னு சொல்லுவாங்க. அந்தக் கேள்வியில பல நேரம் நாத்தம் மட்டும் இல்ல, நீ யாருங்கிற விசாரணையும் இருக்குன்னு நமக்குத் தெரியும். அதுக்கு என்கிட்ட சமையல் குறிப்பு கிடையாது. நாத்தத்துக்கு இருக்கு. மீன் வாசனைக்குப் பெரிய காரணம் அமைன்னு சொல்ற, சட்டுனு காத்துல ஏறுற பொருள்கள். அது காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டா உப்பா மாறிக் குழம்புக்குள்ளயே தங்கிடும். ஆக, கருவாட்டை எண்ணெயில வறுக்காதீங்க, தணல்ல சுடாதீங்க. கழுவின கருவாட்டைப் புளித்தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவெச்சு, கொதிக்கிற குழம்புல நேரா போட்டு மூடிடுங்க. சுட்ட வாசனை போயிடும்தான். அதைத்தான் வடகம் ஈடுகட்டுது.

சுட்டுச் சாப்பிடணும்னு ஆசையா இருந்தா கோலியனூர் வாங்க. எங்க அத்தை வீட்டுல விறகடுப்பு இன்னும் தோட்டத்துல இருக்கு.

எலும்புத் தண்ணியை ஞாயித்துக்கிழமையே மொத்தமா எடுத்து வெச்சுக்கலாம். ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் தாங்கும், ஐஸ் ட்ரேயில ஊத்தி ஃப்ரீஸர்ல வெச்சா மாசக் கடைசி வரைக்கும். ரசத்துக்கு ரெண்டு கட்டி, கீரைக் கடைசலுக்கு ஒண்ணு. மேல உறையுற கொழுப்பைத் தூக்கிப் போடாதீங்க, மறுநாள் தாளிக்க ஆகும். குழம்பை மட்டும் அன்னைக்கே முடிச்சுடாம, ஒரு கரண்டியாவது காலையில பழைய சோத்துக்கு எடுத்து வைங்க.